அப்பாவின் ரிவால்வரில் ஒரு வளையக் கோடு

வாசகர் கடிதம்:

"அய்யாவுக்கு வணக்கம். வாடிப்பட்டி பக்கம் தென்னந்தோப்பும் கொஞ்சம் நெல் வயலும் வைத்திருக்கிறேன். போன வருஷம் அப்பா தவறிவிட்டார். வாரிசு என்ற முறையில் அவருடைய ரிவால்வருக்கு இப்போது என் பேரில் லைசென்ஸ் வந்திருக்கிறது. ரூகர் சிங்கிள் சிக்ஸ், .22. ஒவ்வொரு குண்டுக்கும் குதிரையை (பின்னால் இருக்கும் சுத்தியலை) கட்டைவிரலால் இழுத்தால்தான் சுடும். அப்பா 1970களில் வாங்கியது. சிலிண்டரைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருக்கிறது. சிலிண்டரைத் தொட்டால் லேசாக ஆடுகிறது. பேரலுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. பிடியைச் சுற்றியுள்ள சட்டத்தில் கறுப்பு போய் அலுமினியம் மாதிரி தெரிகிறது. அப்பாவை யாராவது ஏமாற்றி விற்றுவிட்டார்களோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. தெரிந்த லேத் பட்டறைக்காரர் ஆட்டத்தை எடுத்து, பாலிஷ் போட்டு, நிக்கல் முலாம் பூசித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? அப்பா வைத்திருந்த மாதிரியே ஆறு தோட்டாவும் போட்டு, தோல் உறையோடு பீரோவில் வைத்திருக்கிறேன். மாசம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கிறேன்."

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கோடு, ஆட்டம், இடைவெளி, வெளுத்த பிடி என்று நீங்கள் பயந்து கேட்டிருக்கும் நாலு விஷயத்திலும் பயப்பட ஒன்றுமில்லை. கேள்வியாகக் கேட்காமல், கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, "ஆறு தோட்டாவும் போட்டு" என்று, அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இந்தப் பத்தியை முடித்ததும் மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம், எழுந்து போங்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, துப்பாக்கியின் வாய் ஒரு மணல் மூட்டையைப் பார்த்தபடி இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். மூட்டை இல்லையென்றால் தோப்புக்குப் போய் வெறும் மண்ணைப் பார்த்துப் பிடியுங்கள். விரல் விசையைத் தொடவே வேண்டாம். குதிரையை இரண்டாவது 'டிக்' சத்தம் வரைக்கும் இழுத்தால் சிலிண்டர் தளர்ந்து கையால் சுற்ற வரும். வலது பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து, ஒவ்வொரு அறையாக அதற்கு நேரே கொண்டுவந்து, பேரலுக்கு ஓரமாக இருக்கும் தள்ளுகம்பியால் தோட்டாவை வெளியே தள்ளுங்கள். ஆறு எண்ண வேண்டும். எண்ணினது போதாது, ஆறு ஓட்டையிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று கண்ணாலும் பார்க்க வேண்டும். பழைய தோட்டா ஒன்று பிசுக்கில் ஒட்டிக்கொண்டு நிற்பதும், எண்ணிக்கை ஐந்தில் நிற்க ஆள் ஆறு என்று நினைத்துக்கொள்வதும் நடக்கிற கதைதான். கை நடுங்கினால், லைசென்ஸ் வைத்திருக்கும் பழக்கப்பட்ட பெரியவர் யாரையாவது வீட்டுக்குக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லுங்கள். தோட்டா போட்டபடியே தூக்கிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறிவிடாதீர்கள்.

முடித்தாயிற்றா? இனி நிதானமாகப் பேசலாம்.

உங்கள் ரிவால்வரின் பக்கவாட்டில், விசைக்கு மேலே, ஸ்க்ரூத் தலை எத்தனை தெரிகிறது என்று பாருங்கள். மூன்று இருக்கும். அதே கம்பெனி பின்னால் செய்த புது மாடலில் அந்த இடத்தில் ஸ்க்ரூவுக்குப் பதிலாக இரண்டு பின் மட்டும்தான் இருக்கும். அப்பா 1970களில், அதுவும் ஏற்கனவே ஒருவர் வைத்திருந்ததை வாங்கியிருந்தால், அது பழைய மாடலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சிங்கிள் சிக்ஸ் 1953-ல் வந்தது. 1973-ல் உள்ளே இருக்கும் அமைப்பையே மாற்றினார்கள். அந்த மாற்றம்தான் இங்கே விஷயம்.

பழைய மாடலில் குதிரை முழுசாகக் கீழே இறங்கி உட்கார்ந்திருந்தால், அதன் முகம் அடிக்கும் ஊசியின் மேல் சாய்ந்திருக்கும். அந்த ஊசியின் முனை தோட்டாவின் விளிம்பை ஒட்டி நிற்கும். பீரோவிலிருந்து எடுக்கும்போது கை நழுவி, குதிரையின் முதுகு தரையில் பட்டால், அந்த அடி அப்படியே ஊசிக்கு, ஊசியிலிருந்து தோட்டாவுக்கு. விசையை யாரும் தொட வேண்டியதில்லை. முதல் 'டிக்'கில் ஒரு சேப்டி பள்ளம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது, ஆனால் அந்தப் பள்ளத்தின் உதடு மெலிசு. ஐம்பது வருஷப் பழசில் நல்ல அடி ஒன்று விழுந்தால் அது உடையலாம். அதை நம்பி நான் என் பேரப்பிள்ளை நடமாடும் வீட்டில் வைக்க மாட்டேன்.

இது அந்தக் கம்பெனி கண்டுபிடித்த தப்பு ஒன்றும் இல்லை, வம்சத்தில் வந்த குணம். 1873-ல் கோல்ட் கம்பெனி அமெரிக்க ராணுவத்துக்குச் செய்துகொடுத்த சிங்கிள் ஆக்‌ஷன் (ஒவ்வொரு குண்டுக்கும் குதிரையைக் கையால் இழுக்கும் வகை) ரிவால்வர்தான் இந்த வகைக்கெல்லாம் பாட்டன். அதிலும் இதே கதைதான். அதனால்தான் அந்தக் காலத்திலேயே விஷயம் தெரிந்தவர்கள் ஆறு அறையில் ஐந்து தோட்டா போட்டு, குதிரையைக் காலி அறையின் மேல் இறக்கி வைத்தார்கள். அதற்கு ஒரு கணக்கும் உண்டு. ஒன்று போடு, ஒன்றை விடு, நாலு போடு, குதிரையை முழுசாக இழுத்து மெதுவாக இறக்கு. காலி அறை சரியாகக் குதிரைக்கு நேரே வந்து நிற்கும். 1973-க்குப் பிறகு வந்த புது மாடலில் குதிரைக்கும் ஊசிக்கும் நடுவே டிரான்ஸ்பர் பார் என்று ஒரு தகடு வைத்தார்கள். விசையை அழுத்திப் பிடித்திருந்தால் மட்டும் அது நடுவில் நின்று அடியை ஊசிக்குக் கடத்தும். 1953 முதல் 1972 வரை செய்த பழைய துப்பாக்கிகளுக்கும் தங்கள் ஆலைக்கு அனுப்பினால் இந்த வகைப் பாதுகாப்பை இலவசமாகப் பொருத்தித் தருகிறார்கள். இங்கிருந்து ஆயுதத்தைக் கப்பலேற்றித் திரும்பக் கொண்டுவரும் காகித வேலையை நினைத்தால் நமக்கு அது நடக்கிற காரியமில்லை. ஆகவே நமக்குள்ளது பழைய கணக்குதான்.

ஐந்து போடும் கணக்குகூட சுடும் இடத்துக்குத்தான். வீட்டில் வைப்பதற்குத் தோட்டாவே வேண்டாம். துப்பாக்கி ஒரு பெட்டியில், தோட்டா வேறொரு பெட்டியில், இரண்டுக்கும் தனித்தனித் திண்டுக்கல் பூட்டு, சாவி உங்கள் இடுப்பில். உங்கள் அப்பா அத்தனை வருஷம் ஆறு போட்டு வைத்திருந்தும் ஒன்றும் ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லும் ஆள் இந்த ஊரில் குறைவு. பட்டாலியனில் 31 வருஷம் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிறவராக இருந்தேன், ஓய்வுக்குப் பிறகு மதுரையில் லைசென்ஸ் உள்ள ஒரு கடையின் பழுதுப் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை காலத்தில் என் மேசைக்கு வந்த சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். முதலில் பிடிச் சட்டம், ஏனென்றால் அதில்தான் அப்பாவின் பேர் இருக்கிறது. அப்பாவை யாரும் ஏமாற்றவில்லை. சிங்கிள் சிக்ஸின் பழைய மாடலில் பிடியைச் சுற்றியுள்ள சட்டம் அலுமினியக் கலவைதான். எடை குறைய அப்படிச் செய்தார்கள். அதன் மேல் மின்சாரம் பாய்ச்சி ஏற்றிய கறுப்பு மேல்தோல் ஒன்று இருக்கும். கை வியர்வையும் உறையின் உரசலும் படப்பட அது முதலில் விளிம்பில், பிறகு உள்ளங்கை படும் இடத்தில் தேய்ந்து வெள்ளையாகும். பிடி எங்கே வெளுத்திருக்கிறதோ அங்கேதான் உங்கள் அப்பாவின் கை இருந்திருக்கிறது. சிலிண்டரும் பேரலும் இரும்பு, அவற்றின் மேல் இருப்பது ப்ளூயிங் என்கிற கறுப்பு மேல்பூச்சு. அலுமினியத்தில் ப்ளூயிங் பிடிக்காது. ஆகவே "பிடியையும் சேர்த்து ப்ளூ பண்ணித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், அவருக்கு இந்தத் துப்பாக்கி தெரியாது என்று அர்த்தம்.

அடுத்தது கோடு. சிலிண்டருக்கு அடியில், சட்டத்துக்குள் ஒரு சின்ன இரும்புத் தாழ் இருக்கிறது. குதிரையை இழுக்கத் தொடங்கியதும் அது கீழே இறங்கி வழிவிடும், அறை பேரலுக்கு நேரே வரும்போது மேலே எழும்பி சிலிண்டரின் பள்ளத்தில் விழுந்து பூட்டும். பள்ளத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே எழும்பினால் சிலிண்டரின் தோலில் உரசிக்கொண்டே போய் விழும். வருஷக்கணக்கில் உரசினால் வளையமாக ஒரு கோடு. அநேக ரிவால்வர்களில் வரும். புதுசாக வாங்கிய ஒரு மாசத்திலேயே வந்ததைப் பார்த்து அழாத குறையாக ஓடிவந்தவர்களை எனக்குத் தெரியும். நிறம் மட்டும் போயிருந்தால் அது வயசுக்கு வரும் நரை. நகத்தால் குறுக்கே தடவும்போது நகம் தட்டுகிற அளவுக்குப் பள்ளமாகியிருந்தாலோ, பூட்டும் பள்ளத்தின் உதடு நசுங்கி மடிந்திருந்தாலோதான் நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பேன்.

ஆனால் அந்தக் கோட்டை ஆழமாக்கும் ஒரு பழக்கம் உண்டு, அநேகமாக உங்களுக்கும் இருக்கும். தோட்டா போட அரைக் குதிரையில், அதாவது இரண்டாவது 'டிக்'கில் நிறுத்துகிறோம் இல்லையா, வேலை முடிந்ததும் அங்கிருந்தே குதிரையைக் கீழே இறக்கிவிடுவது. அப்படி இறக்கினால் தாழ் பள்ளம் இல்லாத இடத்தில் துள்ளி எழுந்து சிலிண்டரைக் கடித்துக்கொண்டே நிற்கும். பிறகு சிலிண்டர் சுற்றிப் பள்ளத்தை அடையும் வரைக்கும் சுரண்டல். அரையிலிருந்து இறக்கக்கூடாது, முழுசாக இழுத்துவிட்டுத்தான் இறக்க வேண்டும். கோல்ட் வம்சத்து ரிவால்வரை மெதுவாக இழுத்தால் நாலு சத்தம் கேட்கும் என்பார்கள்: சேப்டி, அரை, தாழ் விழுவது, முழுசு. உங்களுடையதும் அந்த ஜாதிதான். கண்ணை மூடிக்கொண்டு காலித் துப்பாக்கியில் கேட்டுப் பழகுங்கள். தவிலுக்கு வார் பிடிக்கிறவர் தட்டிப் பார்த்துச் சொல்கிற மாதிரி, இதில் காதுதான் முதல் கருவி.

சினிமாவில் காட்டுவது போல சிலிண்டரைக் கையால் விர்ரென்று சுற்றிவிடுவதும், இன்னொரு கையால் குதிரையைத் தட்டித் தட்டிச் சுடுவதும் எந்த நல்ல ரிவால்வரையும் ஒரே வருஷத்தில் கிழடாக்கிவிடும். உங்கள் வீட்டில் யாராவது இளவட்டம் இருந்தால் பெட்டிச் சாவியை அவரிடம் கொடுக்காதீர்கள்.

ஆட்டம். வண்டிச் சக்கரம் அச்சில் துளி ஆடாமல் இருந்தால் அது சுற்றாது. சிலிண்டரும் அப்படித்தான். குதிரை இறங்கியிருக்கும்போது பக்கவாட்டில் லேசாக அசைந்தால் விட்டுவிடுங்கள். முழுசாக இழுத்து நிறுத்திய நிலையில் பாருங்கள். அப்போதும் மயிரிழை அசைவு இருக்கலாம், டக்கு டக்கென்று தட்டக்கூடாது. முன்னும் பின்னுமான ஆட்டம் வேறு. சிலிண்டரை முன்னுக்குத் தள்ளினால் அது போய் பேரலின் பின்வாயில் இடிக்கக்கூடாது. இடித்தால் அந்த வேலை எங்களுடையது.

வெளிச்சம் தெரியும் இடைவெளி கண்டிப்பாக இருக்க வேண்டியது. இல்லாவிட்டால் புகைப்பிசுக்கு அடைத்து நாலு குண்டில் சிலிண்டர் இறுகிவிடும். பொதுவாக 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரைக்கும் சரி. புல்லட் பைக் மெக்கானிக்குகள் பாயிண்ட் கேப் பார்க்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் தகடுகளே இதற்கும் போதும். அதுவும் இல்லையென்றால் சாதாரண ஜெராக்ஸ் தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன். ஒரு தாள் போய்வந்து, இரண்டு தாள் இறுக்கமாக நுழைந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். மூன்று தாள் தாராளமாகப் போனால் எடுத்துவாருங்கள். அந்த இடைவெளி வழியாகச் சுடும்போது பக்கவாட்டில் சூடான வாயுவும் ஈயத்துகளும் தெறிக்கும். சிலிண்டருக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு சுடாதீர்கள். பக்கத்தில் ஆளை நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். சிலிண்டரின் முன்முகத்தில் ஆறு கருப்பு வளையம் இருக்குமே, அதைச் சுரண்டிச் சுத்தம் செய்ய ஆசைப்படாதீர்கள். அது இருப்பதால் ஒரு கெடுதலும் இல்லை, சுரண்டுவதால் உண்டு.

அப்படியானால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். காலித் துப்பாக்கியில் குதிரையை மிக மெதுவாக இழுங்கள், இன்னொரு கை விரலால் சிலிண்டரை லேசாக உரசிப் பிடித்தபடி. குதிரை முழுசாக நிற்கும் நேரத்துக்குள் தாழ் விழுந்து பூட்டியிருக்க வேண்டும். குதிரை நின்றுவிட்டது, சிலிண்டர் இன்னும் பள்ளத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது என்றால், சிலிண்டரைத் தள்ளிச் சுற்றும் உள்கை தேய்ந்துவிட்டது, அல்லது சிலிண்டரின் பின்னால் இருக்கும் பற்கள். ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு பல் மட்டும் தேய்ந்திருப்பதும் உண்டு. அறை பேரலுக்கு நேரே வராமல் சுட்டால் குண்டு விளிம்பில் சீவிக்கொண்டு போகும், ஈயச் சிராய் பக்கவாட்டில் பறக்கும். இரண்டாவது சோதனை: முழுசாக இழுத்த குதிரையை, விசையைத் தொடாமல், கட்டைவிரலால் முன்னுக்கு அழுத்துங்கள். விழவே கூடாது. விழுந்தால் அன்றோடு அதைச் சுடுவதை நிறுத்திவிட்டு வாருங்கள். இந்த இரண்டும்தான் நோய். மற்றதெல்லாம் மூப்பு.

சோதனை போடுகிறேன் என்று வெறுமனே விசையை அழுத்தித் தட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். .22 தோட்டாவுக்கு மருந்து விளிம்பில் இருப்பதால் ஊசியும் விளிம்பில்தான் அடிக்கிறது. தோட்டா இல்லாதபோது ஊசி நீண்டிருந்தால் அது அறையின் உதட்டு இரும்பையே கொத்தும். கொத்திய இடத்தில் முள் மாதிரி ஒரு மேடு வரும், பிறகு தோட்டா உள்ளே போகவும் முரண்டு பிடிக்கும், வெளியே வரவும் முரண்டு பிடிக்கும். இந்த மாடலுக்கு ஒன்றும் ஆகாது என்பவர்கள் உண்டு. என் மேசைக்கு வந்தால் நான் தட்ட விடுவதில்லை.

லேத் பட்டறைக்கு வருவோம். கொடுக்காதீர்கள். அவர் நல்ல தொழிலாளியாக இருக்கலாம், ஆனால் 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி ஆயுதத்தைப் பழுது பார்ப்பதற்கே தனி லைசென்ஸ் வேண்டும். அது இல்லாதவர் கையில் உங்கள் ரிவால்வர் ஒரு மணி நேரம் இருந்தாலும் அவருக்கும் வம்பு, உங்களுக்கும் வம்பு. சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டுத் தொழிலாகப் பார்த்தாலும் வேண்டாம். நிக்கல் பூசுமுன் அமிலத்தில் முக்குவார்கள், அதற்கு முன் பஃப் சக்கரத்தில் கொடுத்து மினுக்குவார்கள். சக்கரம் பட்டால் எழுத்துகளின் கூர்மை மழுங்கும், பள்ளங்களின் விளிம்பு உருண்டுபோகும். எல்லாவற்றையும்விட, துப்பாக்கியின் உடலில் குத்தியிருக்கும் சீரியல் நம்பர் மங்கும். அடையாள எண்ணை அழிப்பது அதே ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் வரும் குற்றம். அழகுக்காகத்தான் பாலிஷ் போட்டேன் என்று லைசென்ஸ் புதுப்பிக்கும் நாளில் சொல்லி விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஒருவர் கொண்டுவந்தார், வெள்ளிச் சொம்பு மாதிரி பளபளவென்று. லைசென்ஸ் புத்தகத்தில் இருக்கும் எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் துப்பாக்கியில் தெரியவில்லை. பூதக்கண்ணாடி வைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, அரை நாள் தேடினோம். அவர் முகத்தில் அன்று ஈயாடவில்லை.

வேறொரு காரணமும் இருக்கிறது. வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனியார் இறக்குமதி செய்வது 1980களின் நடுவிலேயே நின்றுவிட்டது. உங்கள் ரிவால்வரின் ஒரு துண்டு கெட்டால் கடையில் போய் வாங்க முடியாது. தேயாத துண்டைத் தேய்த்துவிட்டால் திரும்பி வராது.

இப்போது எண்ணெய். தேங்காய் எண்ணெய் தலைக்கு நல்லது, தாளிக்க நல்லது. இரும்புக்குள் விட்டால் சில மாசத்தில் காறிப்போய், தூசியோடு சேர்ந்து பிசினாகும். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையவும் செய்யும். மார்கழி விடியற்காலையில் உங்கள் தோப்பு வீட்டில் பாட்டில் எண்ணெய் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நல்லெண்ணெயும் அப்படித்தான் பிசுபிசுக்கும். தையல் மிஷின் எண்ணெய் வாங்குங்கள், அது போதும். அதையும் ஊற்றாதீர்கள். ஊசி முனையில் தொட்டு, சிலிண்டர் சுற்றும் நடுக் கம்பியில் ஒரு சொட்டு, குதிரையின் இரண்டு பக்கத்திலும் அரைச் சொட்டு, தள்ளுகம்பிக்கு ஒரு தொடுதல். அறைகளுக்குள் எண்ணெய் நிற்கவே கூடாது. எண்ணெய் ஊறிய தோட்டா தேவைப்படும் நேரத்தில் 'டிக்' என்று மட்டும் சொல்லும். வெளிப்புறத்துக்கு எண்ணெய் தொட்ட பழைய வேட்டித் துணியால் ஒரு துடைப்பு.

தோல் உறை. ஆற்றில் அழகர் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சுகிறார்களே தோப்பறை, அதுவும் தோல்தானே. தோலுக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும் குணம் உண்டு. பதனிட்டபோது ஏறிய உப்பும் புளிப்பும் வேறு அதில் இருக்கும். ஐப்பசி அடைமழையில் பீரோவுக்குள் உறையோடு கிடந்தால், கார்த்திகையில் எடுக்கும்போது உறையின் தையல் போன வழியெல்லாம் துருக்கோடு இருக்கும். உறை சுமப்பதற்கு மட்டும். வைக்கும்போது எண்ணெய்த் துணியில் சுற்றி, பெட்டியில் இரண்டு பாக்கெட் சிலிக்கா ஜெல். பாச்சை உருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்துக்கு அது ஒன்றும் செய்யாது. தேர்தல் நேரத்தில் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024-ல் மார்ச் நடுவில் நடத்தை விதி வந்தது, ஜூன் 4-ல்தான் முடிவு வந்தது. கிட்டத்தட்ட மூன்று மாசம் யாரும் தொடாமல் கிடந்த துப்பாக்கிகளின் மேல் அந்த வருஷம் நான் துடைத்த துரு கொஞ்சமல்ல. ஒப்படைக்குமுன் காலி செய்து, சுத்தம் செய்து, எண்ணெய்த் துணி சுற்றிக் கொடுங்கள். ரசீதில் சீரியல் நம்பர் சரியாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துவிட்டு வாருங்கள்.

ஆயுத பூஜையைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் முடியாது. வருஷா வருஷம் பூஜை முடிந்த வாரத்தில் எனக்கு வேலை வரும். ஈரச் சந்தனத்தைப் பேரலில் அப்பி, குங்குமம் வைத்து, பக்கத்தில் எலுமிச்சம்பழத்தை அறுத்து வைத்து, மறுநாள் காலைவரை அப்படியே விட்டுவிடுவார்கள். எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் ப்ளூயிங் ஓடிவிடும், சந்தனப் பொட்டு இருந்த இடத்தில் வட்டமாகத் துரு. ப்ளூயிங் என்பதே இரும்பின் மேல் திட்டமிட்டு ஏற்றிய கறுப்புத் துருதான், புளிப்பு எதுவும் அதற்கு ஆகாது. குத்துவிளக்குத் துலக்குகிற புளியையும், உப்புத்தாளையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். சாமிக்கு முன்னால் வைக்கலாம், வைக்க வேண்டியதுதான். பெட்டியைப் பூட்டிப் பெட்டி மேல் பொட்டு வையுங்கள். லேசான துருப்புள்ளி ஏற்கனவே இருந்தால் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, மிக நைசான இரும்புப் பஞ்சால் விரல்நுனி அழுத்தத்தில் தேயுங்கள். போகாவிட்டால் விட்டுவிடுங்கள்.

சுட்டுவிட்டு வந்த நாளில் சிலிண்டரைக் கழற்றி வையுங்கள். அரைக் குதிரையில் நிறுத்தி, கதவைத் திறந்து, நடுக் கம்பியை உருவினால் வந்துவிடும். இதில் பேரலைப் பின்பக்கமிருந்து சுத்தம் செய்ய வழியில்லை, சட்டம் மறிக்கும். வாய்ப்பக்கமிருந்துதான் கம்பியை விட வேண்டும், ஆகவே கம்பி பித்தளையாக இருக்கட்டும், வாய் விளிம்பில் உரசாமல் நடுவில் போகட்டும். அந்த விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்தால் குண்டு வேறு பக்கம் போகும். பேரலின் பின்வாயில் கூம்பு போல விரிந்த இடத்தில் ஈயம் படியும், வெண்கலத் தூரிகையால் நாலு இழுப்பு. அறைகளுக்கும் அதே. முடித்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும், ஈயம் கெட்டது. சட்டத்துக்குள்ளே இருக்கும் யந்திரத்தை நீங்கள் பிரிக்க வேண்டாம். எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை என்று கணக்கு எதுவுமில்லை. சத்தம் மந்தமானால், குதிரை இழுக்க மணல் அரைபடுவது போல இருந்தால், கொண்டுவாருங்கள்.

ஸ்க்ரூ மட்டும் உங்கள் பொறுப்பு. சிங்கிள் ஆக்‌ஷனில் சுடச்சுட ஸ்க்ரூ தளரும், இது இந்த வகையின் குணம். வீட்டு ஸ்க்ரூடிரைவரின் நுனி ஆப்பு மாதிரி சரிந்திருக்கும், அதைப் போட்டுத் திருகினால் வழுக்கிப் பள்ளத்தை மென்றுவிடும். பள்ளத்தின் அகலமும் தடிமனும் அப்படியே நிரம்பும்படி, இரண்டு பக்கமும் இணையாகத் தீட்டிய நுனி வேண்டும். உங்கள் மூன்று ஸ்க்ரூவையும் செல்போனில் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து, லைசென்ஸோடு கடைக்கு வாருங்கள். தலை மென்றுபோயிருந்தால் பார்க்கிறேன். படமே போதும், முதல் தடவை துப்பாக்கியைக் கொண்டுவர வேண்டாம். படத்தைப் பார்த்து உங்களுக்கு ஒரு ஸ்க்ரூடிரைவரை நானே தீட்டி வைக்கிறேன். செவ்வாய்க்கிழமை மட்டும் வராதீர்கள், கடை விடுமுறை.